செல்லையா அண்ணன் விற்ற ரிவால்வர்

கருமருந்துப் புகை தலைமுடியில் ஏறிவிட்டால் லேசில் போகாது... சீயக்காய் போட்டு அலசினாலும் வாசம் நிற்கும். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் என் தலையில் மல்லிகை ஒரு பக்கம் மணக்கும், வெடிமருந்து ஒரு பக்கம் மணக்கும்.

பயந்துவிடாதீர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் பழைய டிராமா சாமான் கடை. கலைந்துபோன நாடகக் கம்பெனிகளிடம் கிரீடம், டோப்பா, போலீஸ் தொப்பி எல்லாம் வாங்கி, ஊர் நாடகம் போடுகிறவர்களுக்கு விற்போம்.

அதில் மவுசு அதிகம் ரிவால்வருக்குத்தான். நிஜத்தைப் பார்த்து அப்படியே செய்த போலி. குழல் வாயை ஈயம் ஊற்றி அடைத்திருப்பார்கள். கொஞ்சம் மருந்து வைத்து விசையை இழுத்தால் பக்கத்துத் துளை வழியாகச் சத்தமும் புகையும் வரும், குண்டு மட்டும் வராது.

சத்தம் கேட்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கோ சீனிவெடிச் சத்தமே ஆகாது. கடைக்கு வந்த கிராக்கி, ரிவால்வர் என்று வாயெடுத்தாலே, "நீயே காட்டிரு புள்ள, செத்த நேரத்துல வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்புறம் நான்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று சுடுவேன். சேவுகம்பட்டியிலிருந்து வந்த மீசைக்கார ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அந்த வயதில் எனக்கு அதில் ஒரு தெனாவட்டு!

ஊர் நாடகங்களில் அப்போது ஒரு வழக்கம். ரிவால்வர் யாருடையதோ, இன்ஸ்பெக்டர் வேஷம் அவருக்குத்தான். நடிப்பு வருமா என்று யாரும் கேட்பதில்லை. ரிவால்வரை விற்றால் வேஷமும் போச்சு.

அகரம் செல்லையா அண்ணன் ஒருநாள் தன் ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தார். பிடியில் விரிசல் விட்டு, செப்புக் கம்பி சுற்றியிருந்தது. வருஷா வருஷம் அவர்தான் இன்ஸ்பெக்டர், அவர் தம்பி தங்கராசு கொள்ளைக்காரன். கடைசி சீனில் அண்ணன் சுட, தம்பி விழுவான். அவன் சுழன்று விழுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும்.

"ஏண்ணே விக்கிறீங்க?"

"கெணத்துத் தண்ணி மொறையில எனக்கும் தம்பிக்கும் சண்ட தாயி. மாசக்கணக்காப் பேச்சு வார்த்த இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?"

"ரிகர்சல்ல தூக்குனேன்... கை வரல. ஒத்துமையா இருந்தப்ப அம்புட்டுத் தடவ சுட்டேன், அது வெளையாட்டு. இப்ப நெசமாவே அவன் மேல கோவத்துல இருக்கேன். எப்பிடி தாயி அவன் நெஞ்சுக்கு நேரா இதத் தூக்குவேன்?"

காசைக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் தங்கராசுவே வந்தான். நாடகத்துக்கு ரிவால்வர் இல்லை, ஒன்று வாங்கி வா என்று ஊரில் அனுப்பியிருக்கிறார்கள். செப்புக் கம்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யக்கா... இது எங்கண்ணனோடதுல்ல? எதுக்கு வித்துச்சு?"

அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை மொண்டு மொண்டு முகத்தைக் கழுவினான். கழுவி முடிகிற வழியாக இல்லை.

"இது அது கையிலதாங்க்கா இருக்கணும். நான் போய்ச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிரும்."

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. வாங்கிய ரிவால்வர் வெடிக்காவிட்டால், விற்றவரே வந்து சரிசெய்து தர வேண்டும். அகரம் பக்கம் போகிற பூ வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ரிவால்வர் வெடிக்க மாட்டேங்குது, சந்தையன்னிக்கு வரச் சொல்லுங்க."

சுத்தப் பொய். அது ஜோராக வெடித்துக்கொண்டுதான் இருந்தது. தங்கராசுவையும் அதே நாள் வரச் சொன்னேன்.

செல்லையா அண்ணன் விறுவிறுவென்று வந்தார். "நம்ம சாமான் வெடிக்காதா?" என்று மருந்து வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கையைத் தூக்கினார். துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து தங்கராசு எழுந்து, எதிரே வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அண்ணன் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"சுடுண்ணே."

"போடா அங்கிட்டு."

"சுடுண்ணே... நீ சுட்டாத்தான் எனக்கு விழ வரும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சுட்டார். ஒரே புகை. தங்கராசு ஒரு சுற்றுச் சுற்றி, மேடையில் கூட அப்படி விழுந்ததில்லை, தொப்பென்று கிணற்றடிச் சேற்றில் விழுந்தான்.

நடிப்பு என்பதே அண்ணனுக்கு மறந்துபோச்சு. ரிவால்வரைப் போட்டுவிட்டு, "ஏலே தம்பி, அடி கிடி பட்ருச்சா?" என்று ஓடினார். சேறும் சகதியுமாக ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள்... நானும் அழுதேன். சுட்ட நேரம் பார்த்து வாசலுக்கு வந்த எங்கள் வீட்டுக்காரர், சத்தம் கேட்டு வந்த வழியே ஓடிவிட்டார்.

ரிவால்வர் அண்ணனோடு அகரத்துக்கே போனது. "இப்பிடியே திருப்பிக் குடுத்தா கட வெளங்கிரும்" என்று முணுமுணுத்த எங்கள் வீட்டுக்காரர், அந்த வருஷ நாடகத்துக்குக் காதில் பஞ்சோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவரும் இல்லை, கடையும் இல்லை. அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இன்றைக்கு மனுஷனுக்குக் கோபம் வந்தால் கை இறங்குவதில்லை, போனில் ஒரு தட்டு தட்டி ஆளையே பிளாக் பண்ணிவிடுகிறான். என் மகன்கள் ரெண்டு பேரும் அப்படித்தான், ஒரு வருஷமாகத் தங்களுக்குள் பேச்சில்லை.

இன்று காலையில் தனித்தனியாக ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். "தண்ணி மோட்டார் ஓடலப்பா... ஞாயித்துக்கிழம வந்து செத்த பாத்துட்டுப் போ." வாரேன்மா என்றார்கள் ரெண்டு பேரும்.

மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. உங்களோடு இருக்கட்டும்.