டிஸ்சார்ஜ் புக்கில் இல்லாத பெண்

நிர்மலாதேவிக்கு எங்கள் அலுவலகத்தில் நல்ல பெயர் கிடையாது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை வாங்கித் தரும் வேலை அவருடையது. ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார். கார்கிலுக்குப் போய் வந்தவர்களே அவர் முன்னால் வியர்த்து நிற்பதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கே அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

போன ஆண்டு பிள்ளைச்சாவடியிலிருந்து ஆனந்தராஜ் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு, இப்போது அண்ணனோடு கடலுக்குப் போகிறவர். கூடவே மகள் பூவிழி. அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வராவிட்டால் சேர வழியில்லை. விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

நிர்மலாதேவி டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினார். ஓய்வு பெறும்போது பட்டாளம் கொடுக்கும் புத்தகம் அது. குடும்பத்தில் யார் யார் என்பதும் அதில் இருக்கும். மனைவி பெயர் இருந்தது, மகன் பெயர் இருந்தது. பூவிழியைக் காணோம்.

“பாப்பா பொறந்தப்ப நான் பார்டர்ல இருந்தேன் மேடம். லீவு கெடைக்கல” என்றார் ஆனந்தராஜ்.

“பையன் பொறந்தப்ப?”

“அப்பவும் பார்டர்தான்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“பேரைச் சேக்கச் சொல்லி உங்க பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதணும். ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேப்பாங்க, உண்மையைச் சொல்லுங்க. இருபது வருஷமா இங்க இருக்கேன் சார். பையன் பேரு விட்டுப்போன புக்கு ஒண்ணுகூட நான் பாக்கல.”

கடிதத்தைப் பூவிழிதான் எழுதிக்கொண்டிருந்தாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“பொட்டப்புள்ள, இன்னொரு வீட்டுக்குப் போறவதானேன்னு பேரு அனுப்பாம வுட்டுட்டேன்.”

அவள் அப்படியே எழுதினாள். “கையெழுத்துப் போடுங்கப்பா” என்று தாளை நகர்த்தினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நிர்மலாதேவி ஆறுதலாக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். கடிதத்தை ஸ்கேன் செய்யப் போய்விட்டார்.

வழக்கமாக இதற்கு மூன்று மாதம் ஆகும். மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு நிர்மலாதேவி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். அவருடைய இந்தியைக் கேட்டால் இந்தி தெரியாதவர்களுக்கே சிரிப்பு வரும். ஆனாலும் அந்த அரைகுறை இந்தியிலேயே கெஞ்சினார், சண்டை போட்டார், எதிர்முனையில் இருந்த குமாஸ்தாவின் பெண் என்ன படிக்கிறாள் என்றுகூட விசாரித்தார். எட்டாம் நாள் மெயிலில் உத்தரவு வந்தது.

கரைக்கு வந்த கையோடு ஆனந்தராஜ் மகளை அழைத்துக்கொண்டு ஓடி வந்தார். பூவிழி தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“அப்பா, இதுல நேத்துத் தேதி போட்டுருக்கு. நேத்துதான் நான் உங்களுக்குப் பொறந்துருக்கேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனந்தராஜால் சிரிக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

நிர்மலாதேவி எழுந்து தன் நாற்காலியையே அவருக்கு இழுத்துப் போட்டார். “உக்காருங்க சார்” என்றார். பூவிழியின் விண்ணப்பத்தை அவர் நின்றுகொண்டேதான் அனுப்பினார்.