சுவரைப் பார்த்த பஸ் தரிப்பிடம்

ஜீவராணி இருபத்திரண்டு வருடங்கள் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராக இருந்தவர். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதைத் தாண்டிப் போக அவரால் முடியாது. கொட்டாஞ்சேனையில் நடந்த தங்கையின் கலியாண வரவேற்பில், மேடைக்குப் பின்னால் 'மனமக்கள்' என்று எழுதியிருந்ததைத் திருத்தக் கதிரையில் ஏறினார். திருத்தி முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவருடைய முதுகு இருக்கிறது.

நாளிதழில் ஆட்குறைப்பு வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. வெள்ளவத்தையில், தன் பிளாட்டின் சாப்பாட்டு மேசையில், 'வெள்ளவத்தை மடல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நான்கு பக்கம், மாதம் இருமுறை. நிருபர், ஆசிரியர், ஒப்புநோக்குநர் எல்லாம் அவரே. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற கணவர் றொபேட் வீடுவீடாகக் கொண்டுபோய்ப் போடுவார். அச்சடிப்பவர் மாளிகாவத்தை பதியுதீன். 2022இல் கடதாசி கிடைக்காமல் போனபோது ஜீவராணி பத்திரிகையைக் கையால் எழுதிப் பன்னிரண்டு சுவர்களில் ஒட்டினார். ஒரு பிரதியை மாடு தின்றுவிட்டது. அந்தச் சுவர்ப் பக்க வாசகர்களிடம் அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்தார்.

பாமன்கடைக்குப் போகும் வீதியில் புதிதாக ஒரு பஸ் தரிப்பிடம் கட்டப்பட்டது அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு. நல்ல கூரை, இருக்க நல்ல வாங்கு. ஆனால் அது வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மதிலைப் பார்த்தபடி நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குப் பஸ் வருவது தெரியாது. சத்தத்தை வைத்து எழுந்து ஓடினார்கள். பாதி நேரம் அது தண்ணீர் பவுசர் லொறியாக இருந்தது.

ஜீவராணி முதற்பக்கத்தில் எழுதினார். பிறகு தரிப்பிடத்தைக் கட்டிய அரச கந்தோருக்கே போனார். அங்கே பொறுப்பாக இருந்த செபஸ்தியன் மரியாதையானவர். கதிரை போட்டு, பிளானை மேசையில் விரித்தார்.

"மிஸிஸ், எங்கட பக்கம் பிழை இல்ல. பிளானுக்குச் சரியாத்தான் கட்டியிருக்கிறம்."

"அப்ப பஸ் எங்கால வரும்?"

செபஸ்தியன் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில பார்த்தா றோட்டு மற்றப் பக்கம் இருக்கவேணும்."

"றோட்டைத் திருப்பேலுமோ?"

"அது வேற டிப்பார்ட்மென்ட்," என்றார் அவர், உண்மையான கவலையோடு.

மூன்று மாதம் கழித்துத் தீர்வு வந்தது. மதிலில் எட்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடி பூட்டினார்கள். இனி முன்னால் பார்த்தபடியே பின்னால் வரும் பஸ்ஸைக் காணலாம். பஸ் இலக்கங்கள் இடம்வலமாகத் தெரிகின்றன என்று 'மடல்' சுட்டிக்காட்டியதும், எந்த இலக்கம் எப்படித் தெரியும் என்று மும்மொழியிலும் ஒரு பலகை வந்தது. அதன் தமிழில் 'கண்ணாடியில் தெரியும் இலக்கணம்' என்று இருந்தது. ஜீவராணி கைப்பையிலிருந்து கறுப்புப் பேனையை எடுத்து ஓரெழுத்தை வெட்டினார்.

பொதுச் சொத்தில் கிறுக்கியதாக முறைப்பாடு போனது. பொலிஸில் சார்ஜன்ட் அரை மணித்தியாலம் விளக்கம் கேட்டார். முடிவில், வந்ததுதான் வந்தீர்கள், எங்கள் தமிழ்ப் பலகையையும் ஒருதரம் பாருங்கள் என்றார். மூன்று பிழைகள் இருந்தன. அடுத்த இதழில் 'பத்திரிகை ஆசிரியர் கைது செய்யப்படவில்லை' என்று செய்தி வந்தது. கடைசி வரி: 'இதுபற்றி ஆசிரியரிடம் கேட்டபோது அவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார்.'

இதற்குள் ஊருக்குக் கண்ணாடி பிடித்துப்போய்விட்டது. வேலைக்குப் போகிறவர்கள் தலை சீவினார்கள். டியூஷன் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். பஸ்ஸைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் கண்ணாடிக்குள் வந்த பஸ்ஸை நோக்கிக் கைகாட்டிக்கொண்டு ஓடி, நெற்றியில் நாலு தையல் போடவேண்டியதாயிற்று. கண்ணாடியைக் கழற்றித் தரிப்பிடத்தைத் திருப்பும்வரை ஓயமாட்டேன் என்று ஜீவராணி எழுதினார்.

பதிலுக்கு மகஜர் வந்தது, அவருக்கு எதிராக. புடவைக் கடையில் வேலை செய்யும் றோஸி வீடுவீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியிருந்தாள். ஆசிரியர் வேறு ஏதாவது எழுதிப் பிழைக்கட்டும் என்பது அதன் சாரம். ஜீவராணி அதை முழுமையாக முதற்பக்கத்தில் போட அனுப்பினார், ஏழு பிழைகளைத் திருத்திய பிறகு.

பதியுதீன் தொலைபேசியில் கேட்டார்: "மிஸ், இது ஒங்களுக்கு ஏசி எழுதினது. நீங்களே போடச் சொல்றீங்களா?"

"செய்திதானே. போடுங்க."

"நூத்திநாப்பதாவது பேர ஒருக்காப் பாருங்க."

பிழை தேடிப் படித்ததில் ஜீவராணி கவனிக்காத பெயர் அது: றொபேட்டின் கையெழுத்து. ஜீவராணி பிரதியைக் கணவரின் முன்னால் வைத்தார்.

"நீங்களும் வைச்சனீங்களோ?"

"ஓம்," என்றார் றொபேட். "எங்கட வீட்டுக் கண்ணாடி சின்னன், ராணி. நாப்பது வருஷத்தில நான் என்ர காலையும் தலையையும் ஒண்டாப் பார்த்தது அங்கதான்."

அவர் பகிடி விடவில்லை. ஜீவராணிக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை நீக்கவில்லை. முதலெழுத்தோடு முழுதாகவே அச்சிட்டார்.

ஜீவராணி இதழுக்கு இதழ் எழுதி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேன் வந்து தரிப்பிடத்தைத் தூக்கித் திருப்பி வைத்தது. கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை காலை எல்லாரும் வீதியைப் பார்த்தபடி வரிசையாக இருந்தார்கள். ஜீவராணி ஓரத்தில் நின்றார். இடம் இருந்தும் அவரை இருக்கச் சொல்ல ஆளில்லை.

பஸ் வந்தது. இருபது பேர் எழுந்து கைகாட்டினார்கள். ஒரு வருடமாக அந்த இடத்தில் முதுகுகளை மட்டுமே கண்டு பழகிய சாரதி, திடீரென்று இத்தனை முகங்கள் தன்னை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, ஏதோ ஆர்ப்பாட்டம் என்று நினைத்திருக்கவேண்டும். வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார்.

ஜீவராணி குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"பஸ் நம்பர் எடுத்தீங்களோ, அன்ரி?" என்று கேட்டாள் றோஸி. மகஜருக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"கடைசி ரெண்டு இலக்கமும் தெரியேல்ல."

"நாலு, ஒன்பது," என்றாள் றோஸி. "நேரா வாசிச்சனான்."

அடுத்த பஸ் நாற்பது நிமிடம் வரவில்லை. இருவரும் பாமன்கடைவரை நடந்தே போனார்கள். வழியெல்லாம் றோஸி பஸ்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஜீவராணி நடந்தபடியே எழுதிக்கொண்டார். அந்த இதழில் செய்தியை றோஸியே எழுதினாள், அவள் பெயரிலேயே வந்தது. திருத்தம் ஒன்பது இடத்தில்தான் தேவைப்பட்டது.