கழுவக் கூடாத கிளவுஸ்

எங்கள் வீட்டில் செருப்பு விடும் இடத்தில் ஒரு கான்வாஸ் பை கிடக்கும். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருப் பையன்கள் நடத்திய கிரிக்கெட் டீமின் மொத்தச் சொத்தும் அதற்குள்தான். பேட்டு, பேடு, ஸ்டம்பு, அப்புறம் விக்கெட் கீப்பரின் கிளவுஸ். கீப்பர் என் அண்ணன் என்பதால் அந்தப் பை எங்கள் தலையில் விடிந்தது. எண்பதுகளின் கடைசி அது. கோடையில் ஏரி வற்றியதும் அந்தத் தரையிலேயே ஆடுவார்கள்.

பையைத் திறந்தால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து, "கருவாட்டை யாரு வெளிய வெச்சது?" என்பாள். கிளவுஸுக்குள் போடும் துணியுறை வியர்வையில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறி, அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். துவைத்தால் என்ன கேடு என்கிறீர்களா? டீம் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற வரைக்கும் எதையும் கழுவக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கழுவினால் ராசி போய்விடுமாம். பட்டப்படிப்பு படித்தவனும் அதில் இருந்தான், வெட்கக்கேடு.

அந்த வருஷம் அண்ணனுக்கு ரயில்வேயில் விளையாட்டு கோட்டாவில் ஆள் எடுக்கும் தேர்வு வந்திருந்தது. அப்பா ஓய்வு பெறும் நேரம். வீடே அவன் கையைத்தான் நம்பியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு பந்து பட்டு அவன் வலது நடுவிரல் நகம் பிளந்தது. விரல் வீங்கிச் சிவந்து சீழ் கோத்தது. நகச்சுத்தி என்று அம்மா எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு, மஞ்சளும் உப்பும் வைத்து விரலில் செருகிவிட்டாள். மேட்ச் அன்று பழத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அதே விரலை அதே ஈர கிளவுஸுக்குள் விட்டுக்கொண்டு அவன் கிளம்புவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"குடுண்ணா, சுடுதண்ணியில ஒரு அலசு அலசித் தரேன்," என்று பையைப் பிடுங்கினேன்.

"ஃபைனல் முடியட்டும்டி. அப்புறம் என்ன வேணா பண்ணு."

வாசலில் நின்றிருந்த கேப்டன் பதறிப்போனான். "தங்கச்சி, அத்தத் தொட்டுடாதம்மா. அதுலதான் ராசியே கீது!"

ஃபைனலில் ஜெயித்தார்கள். தெருவில் வெடி வைத்தார்கள். மறுநாள் அண்ணனுக்குக் காய்ச்சல் கொதித்தது. கை முழங்கை வரை வீங்கியிருந்தது. தாம்பரத்து டாக்டர் பார்த்த மாத்திரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சீழ் எலும்பு வரை போய்விட்டதாம். விரலை அடியோடு எடுத்தார்கள். "இந்த விரலோட எதுக்குள்ள கையை விட்டான்?" என்று அங்கே கேட்டதற்கு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேர்வு நாள் அவன் படுக்கையில் கிடக்கும்போதே போய்விட்டது. தேர்வுக்கு வந்த கடிதத்தை அப்பா மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அவன் வீடு திரும்புவதற்குள் நான் அந்த கிளவுஸை எடுத்தேன். துணியுறையைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. கிளவுஸின் தோலைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். அழுதுகொண்டே தேய்த்தேன், கோபத்தில். மதில் மேல் வெயிலில் காய வைத்ததும் நாற்றம் சுத்தமாகப் போயிற்று.

அண்ணன் வந்த வாரத்தில் கேப்டன் சாத்துக்குடியோடு பார்க்க வந்தான். நலம் விசாரித்தான், பாவம், கண்ணெல்லாம் கலங்கித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பெருங்களத்தூரில் ஒரு டோர்னமெண்ட் வருவதாகவும், புதுசாக ஒரு பையன் கீப்பிங் செய்யப் போவதாகவும் இழுத்தான்.

கிளவுஸைக் கொண்டுவந்து கேப்டன் மடியில் வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இன்னாமா, கழுவிட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது.

"ஏன்டி கழுவின? அவங்க ஜெயிக்க வேணாமா?"

அண்ணனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவனுக்குக் கொண்டுவந்த கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவனால் கரண்டி பிடிக்க முடியாது. நான்தான் ஊட்டினேன்.