இரண்டு சனல்களும் சேர்ந்த பக்கம்

இப்போதெல்லாம் ஒரே படத்தில் பத்துப் பதினைந்து சூப்பர் ஹீரோக்களைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை போல விளம்பரம் செய்கிறார்கள். என் மகன் ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பாதியில் எழுந்து வெளியே வந்து, பொப்கோர்ன் விற்கிற இடத்தில் நின்றேன். கால் வலி என்று பொய் சொன்னேன். அந்த வேலையை ஒன்பது வயதிலேயே கலர்ப் பென்சிலால் செய்து கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

எண்பதுகளின் நடுவில், ஊரை விட்டு வெளிநாடு வந்து, மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அப்பாவுக்குக் கிழமையில் ஆறு நாளும் ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும்தான் அவர் தூக்கம் கலைந்த முகத்தோடு எங்களுக்குக் கிடைப்பார். டிவி யாரோ கழித்துவிட்டது. அமுக்கிய பொத்தான் வெளியே வராமலிருக்க ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தோம். சனல் மாற்றுவதென்றால் தீக்குச்சியை உருவி அடுத்த பொத்தானில் செருக வேண்டும்.

ஒரு சனலில் பறக்கிற வீரர்கள். அதே நேரத்தில் மற்றச் சனலில் கடலுக்கடியில் வாழ்கிற வீரர்கள். இரண்டு கூட்டமும் உலகத்தைக் காப்பாற்றத்தான் பாடுபட்டன. ஆனால் ஒரே மணிக்குக் காப்பாற்றித் தொலைத்ததால் எனக்கு இரண்டிலும் பாதிப் பாதிதான் பார்க்கக் கிடைத்தது. அந்தக் கோபத்தில்தான் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு கொப்பியில் நானே கதை வரையத் தொடங்கினேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. கார்ட்டூன் அதைவிட ஓடாது. முதல் நாள் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"உவங்கள் எந்த இயக்கம், பிள்ளை?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. ஊரில் அப்போது அரசாங்கத்தின் ஆமிக்கு எதிராக ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு தலைவர். ஒரே நிறத்தில் உடுத்துக்கொண்டு துவக்கோடு ஓடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. பறக்கிற இயக்கம், தண்ணி இயக்கம் என்றுதான் பிறகு நாங்கள் மூவரும் சொன்னோம்.

அம்மா பாணும் சம்பலும் கொண்டுவந்து எங்களோடு கார்ப்பெட்டில் இருப்பார். என் கதைகளில் அவருக்கும் பங்கு உண்டு. பறக்கிறவர்கள் தண்ணி இயக்கத்துக்கு விருந்து வைக்கிற இடத்தில் நான் மீன்குழம்பு வரைந்திருந்தேன். மீன் அவர்களுக்குச் சொந்தக்காரன் அல்லவா, கத்தரிக்காய்க் குழம்பு வை என்றார். அப்பாவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்து நான் கண்டதெல்லாம் அந்தக் கார்ப்பெட்டில்தான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. மாமா அம்மாவின் தம்பி. அப்பா அம்மாவின் கலியாண வீட்டில் கூட்டாளியாகி, பிறகு ஒரே வகுப்பில் படித்து, ஒரே சைக்கிளில் திரிந்தவர்கள். இரண்டு மாத இடைவெளியில் இருவரும் ஊரில் வீட்டை விட்டு வேறு வேறு இயக்கங்களுக்குப் போனார்கள். எல்லாம் ஒன்றுக்குத்தானே என்று அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சித்தப்பாவுக்குப் பறக்கிறவர்களின் மஞ்சள் உடுப்புப் போட்டேன். மாமா நன்றாக நீந்துவார் என்று அம்மா சொல்லியிருந்ததால் அவருக்குத் தண்ணி இயக்கத்தின் நீல உடுப்பு. சித்தப்பாவின் கையை மாமாவின் தோளில் போட்டேன். கை வரைவது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தது.

சனிக்கிழமை காட்டலாம் என்று வைத்திருந்தேன். அன்று காலை கீழ்வீட்டு அண்ணை படியடியில் நின்று, டெலிபோன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார். அம்மா இறங்கிப் போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை. மாமாவைச் சுட்டுவிட்டார்கள் என்றார். ஆமியோ என்று அப்பா கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, அம்மா சித்தப்பாவின் இயக்கத்தின் பெயரைச் சொன்னார். மாமாவின் இயக்கத்துப் பெடியன்களை அவர்கள் அப்போது தேடித்தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் பறக்கிறவர்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தார்கள். அதை நிறுத்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தம்பி உதுக்குப் போயிருக்கமாட்டான்."

"போகேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று அம்மா கேட்டார்.

அப்பாவுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அடுப்படியே கதியென்று அம்மா குசினியை விட்டு வரவில்லை. அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பார். எனக்கு அம்மாவை எப்படியாவது கார்ப்பெட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். என்னிடம் இருந்தது அந்தக் கடைசிப் பக்கம் ஒன்றுதான். கார்ட்டூனில் செத்தவர் எவரும் அடுத்த கிழமை எழும்பி வராமல் விட்டதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குசினிக்குப் போய்க் கொப்பியை நீட்டினேன். அடுத்த கிழமை இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று அம்மாவுக்கு விளக்கமும் சொன்னேன்.

அம்மா எனக்கு இரண்டு போட்டிருக்கலாம். போடவில்லை. பக்கத்தைக் கிழித்தெடுத்து, தையல் டப்பாவில் இருந்த கத்தரிக்கோலால் இருவருக்கும் நடுவால் வெட்டினார். தோளடியில் வந்ததும் கத்தரிக்கோல் நின்றது. மாமாவின் தோளை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவின் முழங்கையோடு வளைத்து வெட்டினார். பிறகு சித்தப்பாவின் பாதியைக் கொண்டுபோய் அப்பாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தாங்கோ, உங்கட ஆள்."

அப்பா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மற்றக் கிழமை சட்டையோடு அதுவும் தோய்க்கப் போய்க் கூழாகிவிட்டது.

அடுத்த வருடம் சித்தப்பாவும் செத்துப்போனார். அப்பா போட்ட கடிதங்கள் ஒன்றுக்கும் அவரிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை. அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளும் அதோடு போய்விட்டார்.

தொண்ணூறுகளில் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு வாங்கினோம். முன்னறையில் அப்பாவுக்கு ஒரு டிவி, மேலே அம்மாவுக்கு ஒரு டிவி. தீக்குச்சிக்கு வேலை இல்லை. கோயிலுக்கு ஒன்றாகப் போனார்கள். அரிசி முடிந்துவிட்டது, கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. சண்டையாவது பிடித்துத் தொலையுங்கள் என்று கத்த வேண்டும் போல எனக்கு இருக்கும். என் படத்தால்தான் எல்லாம் என்று நெடுநாள் குமைந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. என்னால் எதுவும் கெடவில்லை, என்னால் எதுவும் சரிவந்திருக்கவும் மாட்டாது. இதை ஏற்றுக்கொள்வதுதான் மற்றதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா தவறிவிட்டார். அவருடைய பாஸ்போர்ட் உறைக்குள் மாமாவின் பாதி இருந்தது. கதவடியில் நின்ற அப்பா அது என்ன என்று கேட்டார். பழைய படம் ஒன்று என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் டிவிக்கு முன்னால் போய் இருந்தார்.

மாமாவின் நீல உடுப்பு வெளிறிப்போயிருந்தது. அவருடைய தோளில் சித்தப்பாவின் கை இருக்க வேண்டும். அம்மா அதன்மேல் பேனையால் கீறி அழித்திருந்தார், ஒருநாளில் அல்ல, பல நிற மைகளில். கடதாசி எவ்வளவுக்குத்தான் தாங்கும். கை போய்விட்டது. மாமாவின் தோளில் ஓர் ஓட்டை இருந்தது.