மலையில் கூட வந்த நிழல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான், பாகூரில் கரும்புக் கொல்லைக்குத் தனியாகக் காவல் கிடந்தவள். வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை ஊரே சொல்லி ஓய்ந்துவிட்டது.

எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். என் ஓரகத்தி அஞ்சலைக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. செஞ்சிப் பக்கத்து மலையொன்றில் இருக்கும் அம்மனுக்கு விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டாள். சித்திரை மாதம் நானும் அவளுமாக வண்டி கட்டி, எல்லைச் சுங்கச் சாவடி தாண்டி, இங்கிலீஷ்காரன் சீமைக்குள் போனோம். வழியில் கடையாணி கழன்றதில் அடிவாரம் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது.

தண்ணீர்ப் பந்தல்காரர் தடுத்தார். "இந்நேரத்துல ஏறாதீங்கம்மா. பாறை சுடும், மேல சொட்டுத் தண்ணி கெடையாது. சாயங்காலமா போங்க."

"நடவு நட்ட ஒடம்புய்யா இது. வெயிலு இன்னா பண்ணிடும்?" என்றேன்.

ஒரு செம்புத் தண்ணீர்தான் எடுத்துப் போனோம். பாதி ஏறுவதற்குள் தீர்ந்தது. விளக்கேற்றிவிட்டு இறங்கும்போது அஞ்சலைக்கு வியர்வை நின்றுபோனது, உடம்பு அனலாகக் கொதித்தது, ஏதேதோ உளறினாள், அப்படியே பாறையில் சரிந்தாள். என்னால் தூக்க முடியவில்லை. ஒதுங்க ஒரு செடிகூட இல்லை. இவளை இங்கேயே பறிகொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன்.

அப்போதுதான் எங்கள்மேல் நிழல் விழுந்தது. மேகம் இல்லை. உச்சி வேளை, எங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது, இது மட்டும் சாயங்கால நிழல்போல நீளமாக, முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற மாதிரி. திரும்பினேன், யாரும் இல்லை. நிழல் கிடந்த பாறையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "யாரா இருந்தாலும் சரி, சும்மா நிக்காத. இவளக் கீழ கொண்டு போவணும், நட" என்றேன்.

நிழல் நகர்ந்தது.

அஞ்சலையின் கையை என் தோளில் போட்டு இழுத்தேன், எப்படியோ அவளும் கால் எடுத்து வைத்தாள். வந்த வழியை விட்டு ஒரு பாறை இடுக்குக்குள் நிழல் திரும்பியது, நானும் திரும்பினேன். அங்கே கையளவு சுனை. முந்தானையை நனைத்து அவள் தலையிலும் கழுத்திலும் போட்டேன், மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். கண் திறந்து, "அக்கா, முதுவுல இருக்கிற கைய எடு, குளிருது" என்றாள்.

என் இரண்டு கையும் அவள் முகத்தில் இருந்தன.

அடிவாரம் வந்ததும் நிழலைக் காணோம். அடுத்த வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது, அது அம்மன் கணக்கு. இதற்குக் கணக்குச் சொல்லுங்கள்: நாங்கள் ரவிக்கை போடாத காலம், வெயிலில் கறுத்த அவள் முதுகில் ஒரு கை அளவு மட்டும் கறுக்கவில்லை. ஐந்து விரலும் தெரியும். என் கையை வைத்துப் பார்த்தேன், அவள் புருஷனையும் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன், இரண்டுமே அதற்குச் சிறிது.

கோடைக்குக் கோடை முதுகு கறுக்கும்போது அது எடுப்பாகத் தெரிகிறது. முதலில் இடுப்புக்கு மேலே இருந்தது. இந்தச் சித்திரையில் விரல் நுனி கழுத்தடியைத் தொடுகிறது. அது மேலே ஏறுவதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.