கடல் ஒப்படைக்கும் நாள்

தோல் ஏட்டில் தீட்டிய அந்தக் கடல் கரும்பச்சை நிறம். மீன்கள் வாயைப் பிளந்தபடி மிதக்கின்றன. ஒன்றின் வாயில் ஒரு தலை, இன்னொன்றின் வாயில் முழங்கையோடு ஒரு கை. விழுங்கிய மனிதர்களை அவை திருப்பித் தருகின்றன. மேலே, இறந்தவர்களை எழுப்ப வானதூதர் எக்காளம் ஊதுகிறார். எந்தத் துறவி எந்தக் குளிரில் இருந்து வரைந்தாரோ, உலகம் முடியும் நாளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி வரைந்திருக்கிறார். ரொறன்ரோ நூலகமொன்றில் இப்படியான பழைய ஏடுகளைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நரகமும் ஏழுதலை விலங்கும் பார்த்துப் பழகிவிட்டன, மத்தியானச் சாப்பாடு தடையில்லாமல் இறங்கும். இந்தப் பக்கத்தை மட்டும் இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. காரணம் என் அக்கா.

சண்டைக் காலத்தில் அத்தான் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறினார். அக்கா அடுத்த படகில் போவதாக ஏற்பாடு. அத்தானின் படகு கரை சேரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. கடலுக்கு ஆளைப் பறிகொடுத்த எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில், அந்த உடலைத் தின்ற மீனாயிருக்குமோ என்று, பிறகு மீனைத் தொடமாட்டார்கள். அக்கா தொட்டாள். கனடா வந்த பிறகும், மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டில் ஞாயிறுதோறும் மீன்குழம்பு வைத்து, எல்லோரும் பார்க்க முதல் ஆளாகச் சாப்பிடுவாள். அத்தான் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

ஒரு ஞாயிறு, "நீ அங்க என்னதான் செய்யிறாய் எண்டு ஒருக்காக் காட்டு பாப்பம்" என்று என் கையிலிருந்து கணினியை வாங்கினாள். தானே ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனவள், அந்தக் கடலில் நின்றுவிட்டாள்.

"எல்லா முகத்தையும் ஒரே மாதிரிக் கீறி வைச்சிருக்கிறாங்கள். எங்கட ஆளை எப்பிடியடா பிடிக்கிறது?"

மீனின் வாயில் இருந்த கையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பரவாயில்லை தம்பி. எனக்குக் கை ஒண்டே காணும், ஆளைப் பிடிச்சிடுவன்."

அன்று அவள் தட்டில் மீன் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அந்த நவம்பரில், இறந்தவர்களுக்கான தமிழ்ப் பூசைக்கு அத்தானின் பெயரை முதல் தடவையாகக் கொடுத்தாள். இத்தனை வருடமாக அந்தப் பேச்சை எடுத்தவர்களோடு முகங்கொடுத்துக் கதைக்காதவள். அழுவாள் என்று நினைத்துப் பக்கத்திலேயே இருந்தேன். அழவில்லை. குருவானவர் அத்தானின் பெயரை வாசித்ததும், அக்கா சட்டெனத் திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.