சோலையம்மாளின் அண்ணன்

பூண்டியில் வேலுமணி என்றால் முதலில் அவன் கையைத்தான் சொல்வார்கள். இரண்டு ஆள் தூக்குகிற பூண்டு மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுவான். ஐம்பத்தாறில் நடந்த வாய்க்கால் தகராறில் சின்னக்கருப்பனை ஒரே ஒரு அறை அறைந்தான். அந்த மனுசனுக்கு இடது காது போனது போனதுதான்.

அந்த மாதமே பழனிக்கு நடந்து, மொட்டை போட்டு, இனி யார்மேலும் கை வைப்பதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? "வேலுமணிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்கப்பா" என்று சிரித்தார்கள். அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். முருகன் தன்னை நல்லவனாக்கிவிட்டான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அறுபத்தொன்றில் அட்டுவம்பட்டியிலிருந்து சேதி வந்தது. லாரியில் காய்கறி மூட்டை ஏற்றும் சுப்புராஜ், தன் பெண்டாட்டி சோலையம்மாளைப் போட்டு அடிக்கிறானாம். அவள் வேலுமணியின் ஒரே தங்கை. கம்பெடுத்த பங்காளிகளைத் தடுத்துவிட்டு, பழனி விபூதியோடு அவன் தனியாகப் போனான்.

அவனை வாசலில் பார்த்ததும் சுப்புராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினான். வேலுமணி சட்டென்று குனிந்து அவன் காலைப் பிடித்தான்.

"மாப்ள, யாரையும் தொடமாட்டேன்னு முருகனுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். நீங்களும் மனசு எரங்குங்க."

சுப்புராஜ் கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு தெருவே கேட்கச் சிரித்தான். விபூதியை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனான்.

வீங்கின கன்னத்தோடு சோலையம்மாள் வெளியே வந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்கண்ணே! எங்கண்ணன் வந்தா ஒன் காது போயிரும்னு சொல்லுவேன், பாதி அடியோட நிறுத்திருவான். ஒங்க சத்தியத்த அஞ்சு வருசமா மறச்சு வச்சிருந்தேனே. இனி எதச் சொல்லுவேன்?"

"கெளம்பு தாயி, பூண்டிக்குப் போயிருவோம்."

"ரெண்டு புள்ளையும் மாமியா வீட்டுல கெடக்கு. விட்டுட்டு எப்புடி வர? நீங்க வெரசா போயிருங்க."

அதற்குள் சுப்புராஜ் திரும்பி வந்துவிட்டான். மச்சான் நிற்பதைப் பார்த்தும் பாராதவனாய் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். முதல் அடி விழுந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. வேலுமணியின் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டான். முருகா, இதுவா நீ கேட்ட இரக்கம்?

உள்ளே அவள் "ஆத்தா, ஆத்தா" என்று அலறினாள். அவர்களைப் பெற்ற ஆத்தா செத்து எட்டு வருசம் ஆகிறது. அண்ணே என்று அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.